கை விடியும் நேரம்

அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி இருக்கும். அதில் ஒரு நோட்டு தொங்கும், நோட்டோடு நூலில் கட்டிய ஒரு பென்சிலும். பழைய துணியைக் கிழித்து, கட்டைவிரல் பருமன் வரும்வரை அந்தப் பென்சிலைச் சுற்றி வைத்திருப்பாள். மெல்லிய பென்சிலைப் பிடிக்க விரல்கள் நன்றாக மடங்க வேண்டும், அம்மாவுக்கு அவ்வளவு மடங்காது. நோட்டில் தினமும் ஒரே ஒரு வரிதான். முதலில் ஒரு நேரம், பிறகு ஒரு கோடு, பிறகு ஒரு சொல். "7.20 – பின்னல்." "8.05 – கடிதம்." "9.30 – ஒன்றுமில்லை."

அது அவள் கை விடிந்த நேரம், அதாவது காலை விறைப்பு விட்டு விரல்கள் மடங்கத் தொடங்கிய நேரம். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். "கை விடிஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் அவள் அறைக்குள் போவேன். எல்லா வீட்டிலும் அம்மாக்களுக்குக் கை தனியாக விடியும் என்று ஏழெட்டு வயது வரை நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கு முடக்குவாதம். பழைய ஆட்கள் சரவாங்கி என்பார்கள். இருபத்தேழு வயதில் தொடங்கி, அறுபத்தொன்றில் அவள் போகும்வரை கூடவே இருந்தது.

அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. பேச்சு வரும்போதெல்லாம் உறவுக்காரர்கள் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். "பாவம், என்ன பொறுமை! அவ்வளவு வலியையும் பொறுத்துக்கிட்டா." அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கோ இடிக்கிறது. அம்மா பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இல்லை. அன்றன்றைக்குக் கிடைத்த கையை எதற்குச் செலவழிப்பது என்று தினமும் தானே முடிவு செய்தவள். அந்த நோட்டைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

அந்த நோட்டு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் அம்மாவுக்கு விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. வலது மணிக்கட்டு பிடித்துக்கொண்டால் இரண்டு நாளில் இடதும் பிடித்துக்கொள்ளும். போய்ப் பார்த்த டாக்டர், வீட்டு வேலை அதிகம், ஓய்வெடுங்கள், வயதானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தாராம். அம்மாவுக்கு அப்போது இருபத்தேழு வயது! இரண்டு வருடம் இப்படியே போனது. இன்னொரு டாக்டரிடம் போனபோது அவர் கையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "காலையில எழுந்ததும் விரல் எவ்வளவு நேரம் விறைச்சிருக்கு?"

இந்த நோயில் அதுதான் முக்கியமான கேள்வி. வயதாகித் தேயும் மூட்டு காலையில் கொஞ்ச நேரம் முரண்டு பிடிக்கும், பெரும்பாலும் அரை மணிக்குள் சரியாகிவிடும். முடக்குவாதத்தில் விறைப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டிப் போகும். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்ளுறையைப் பகையாளியாக நினைத்துத் தாக்குவதால் வருகிற வாதம் இது. உறை வீங்கித் தடித்து, பக்கத்தில் இருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும். அழற்சியைத் தூண்டும் பொருட்கள் பின்னிரவில்தான் ரத்தத்தில் ஏறுகின்றன. அதனால்தான் விடிகிற நேரம் இந்த நோய்க்காரர்களுக்கு நாளிலேயே மோசமான நேரம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. சின்ன வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அம்மாவின் கை சூடாக இருக்கும், கைக்கு மட்டும் காய்ச்சல் வந்த மாதிரி.

அந்தக் கேள்விக்கு அம்மாவால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "ரொம்ப நேரம் டாக்டர்" என்றாளாம். "ரொம்ப நேரம்னா எவ்வளவு? குறிச்சுக்கிட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார். அன்று தொடங்கிய நோட்டு அது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒருத்தர் நம்பிக் கேட்ட கேள்வி என்பதால், அம்மா அதைக் கடைசிவரை விடவேயில்லை.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். முதல் டாக்டருக்கும் இரண்டாவது டாக்டருக்கும் நடுவில் நான் வந்தேன்.

என்னைச் சுமந்த மாதங்களில் அம்மாவுக்கு வலி கிட்டத்தட்ட இல்லை. மூன்றாம் மாதம் வீக்கம் வடியத் தொடங்கியது. ஐந்தாம் மாதம் மோதிரம் விரலில் தாராளமாக ஏறியது. வீட்டில் எல்லோரும் நோய் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். நான் பிறந்து மூன்று மாதத்தில், முன்பிருந்ததைவிட வேகமாக அது திரும்பி வந்தது. குழந்தை ராசி அப்படி என்றுகூட யாரோ சொன்னார்களாம். அம்மா அதை என்னிடம் சொன்னதே இல்லை, அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இது ராசியில்லை. கர்ப்பத்தில் முடக்குவாதம் தணிவதும், பிரசவத்துக்குப் பிறகு திரும்பக் கிளம்புவதும் மருத்துவ உலகம் வெகுகாலமாக அறிந்தது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்த ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், மஞ்சள் காமாலை வந்த நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மூட்டு வலி குறைவதைக் கவனித்தார். அப்படியானால் இந்த நோய் ஒருவழிப் பாதையில்லை, உடம்பே எதையோ சுரந்து அதைத் தணிக்கிறது என்று யோசித்தார். அந்தத் தேடல்தான் 1948இல் ஒரு பெண் நோயாளிக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுப்பதில் போய் முடிந்தது. படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கர்ப்பத்தில் நோய் தணிவதற்குக் கார்ட்டிசோன் மட்டும் காரணம் இல்லை என்பதும், அந்த மருந்தை நெடுநாள் எடுத்தால் எலும்பு மெலியும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும் என்பதும் பிறகு தெரிந்த கதைகள். அதையும் அம்மா தன் உடம்பில் பார்த்தாள். ஸ்டீராய்டால் முகம் வட்டமான காலத்தில், பார்க்கிறவர்கள் எல்லாம் "இப்பதான் உடம்பு தேறியிருக்கு" என்பார்கள்.

ஹென்ச்சைப் பற்றிப் படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அம்மாவின் முப்பத்து நான்கு வருடத்தில், கை கால் வலிக்காமல் அவள் தூங்கிய ஆறேழு மாதங்கள் நான் வயிற்றில் இருந்தபோது. அதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, வெளியே வந்ததற்காக அழுவதா என்று தெரியவில்லை.

என் கைக்குழந்தைப் பருவத்துப் படங்களில் அம்மா என்னை விரலால் பிடித்திருக்கவே மாட்டாள். இரண்டு முன்கைகளையும் தட்டுப்போல நீட்டி, அதன் மேல் என்னைக் கிடத்தி, முழங்கை மடிப்பில் என் தலையை அணைத்திருப்பாள். உள்ளங்கைகள் என் துணிக்கு அடியில் மறைந்திருக்கும். அது அவள் தூக்குகிற அழகு என்று நினைத்திருந்தேன். தூக்குவதற்கு அவளிடம் அப்போது மிச்சமிருந்த மூட்டுகள் அவைதான்.

இன்னொன்றும் உண்டு, எழுதுவதற்கு இதுதான் கஷ்டமாக இருக்கிறது. நோய் இன்னதென்று தெரிந்ததும் டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் தொடங்க வேண்டும் என்றார். இன்றும் முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் முதலில் கொடுக்கிற மருந்து அதுதான். ஆனால் தாய்ப்பால் கொடுக்கும்போது அதைச் சாப்பிடக் கூடாது. இந்த நோயில் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் எலும்பு அரிப்பு வேகமாக நடக்கும், அரித்த எலும்பு திரும்ப வளராது என்று டாக்டர் விளக்கமாகவே சொல்லியிருக்கிறார். அம்மா கேட்டுக்கொண்டாள். இன்னும் ஆறு மாதம் பால் கொடுத்துவிட்டு மாத்திரை தொடங்குகிறேன் என்றாள்.

இதை நான் தெரிந்துகொண்டது இருபது வயதுக்குமேல். "எனக்காகவாம்மா?" என்று கேட்டபோது தொண்டை அடைத்தது. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்காகன்னு யாரு சொன்னா? எனக்கு அது வேணும்னு தோணிச்சு. ஒரு பக்கம் விரல், ஒரு பக்கம் அந்த ஆறு மாசம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அது பெருசாத் தெரிஞ்சுது. இதுல நீ அழ என்ன இருக்கு?"

தியாகம் என்ற வார்த்தை அவளுக்குப் பிடிக்காது. அந்த வார்த்தையைச் சொல்கிறவர்கள், முடிவெடுத்தது அவள்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். டாக்டர் சொன்னபடி அன்றே மாத்திரை தொடங்கிய தாய்மார்களையும் அவள் குறைவாக நினைத்ததில்லை. "அவங்க கணக்கு அவங்களுக்கு" என்பாள்.

நான் பால் மறந்த பிறகு வந்த மாத்திரை வீட்டில் ஒரு ஆளாகவே ஆகிவிட்டது. மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் சாப்பிடக் கூடாது, வாரத்துக்கு ஒரே நாள்தான். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. திங்கட்கிழமை அம்மாவுக்குக் குமட்டல், தலைபாரம், யாரோடும் பேசப் பிடிக்காது. வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின். இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள். மாத்திரை டப்பாவை நிரப்புவது பன்னிரண்டு வயதிலிருந்து என் வேலை. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குவது அம்மாவின் கட்டைவிரலுக்கு முடியாத காரியம்.

ஒரு முறை அவசரத்தில் மெத்தோட்ரெக்ஸேட்டை திங்கள், செவ்வாய், புதன் என்று வரிசையாகப் போட்டுவிட்டேன். தினமும் உள்ளே போனால் அந்த மருந்து ரத்த அணுக்கள் உற்பத்தியாகும் மஜ்ஜையையே முடக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. திங்கட்கிழமை காலை டப்பாவைத் திறந்த அம்மா மாத்திரையை வாயில் போடாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டி, "ஒவ்வொண்ணா அட்டையோட வெச்சுப் பார்த்து, பேரைச் சத்தமாப் படிச்சுப் போடு. நிறத்தை நம்பாதே" என்றாள். திட்டவில்லை. நான் படிக்கப் படிக்க அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறும் அந்த வேலையை என்னிடமே கொடுத்தாள். பறித்துக்கொள்ளாததுதான் எனக்குக் கிடைத்த பெரிய மன்னிப்பு.

டாக்டரின் அறையில் அம்மாவுக்குப் பிடிக்காத கேள்வி ஒன்று உண்டு. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு? "ஏழுன்னு சொன்னா அவருக்கு என்னடி புரியும்?" என்பாள். அவளிடம் வலிக்கு எண்கள் இல்லை, பெயர்கள்தான் இருந்தன. எலும்புக்குள் யாரோ துளைபோடுகிற மாதிரி இருந்தால் குடைச்சல். எங்கே வைத்தாலும் காலுக்கு இடம் கிடைக்காமல் புரளவைப்பது உளைச்சல். வீங்கிய கணுவில் நாடி துடிப்பது தெரிந்தால் தெறிப்பு. தொடாமலே எரிவது காந்தல். வேலை செய்த பிறகு வருவது கடுப்பு, அது நியாயமான வலி, அதன்மேல் அவளுக்குக் கோபமே கிடையாது. குடைச்சல் இருந்தால் கொஞ்சம் நடக்கலாம், தெறிப்பு இருந்தால் அசையக்கூடாது, உளைச்சலுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் போதும். இந்த அகராதியை நான் பள்ளிப் பாடத்தைவிட நன்றாகக் கற்றேன். அவள் அறைக்குள் நுழைந்ததும் எது என்று கேட்பேன், ஒரே சொல்லில் பதில் வரும், அதற்கு ஏற்றபடி நான் பக்கத்தில் உட்காருவதோ கதவைச் சாத்திவிட்டுப் போவதோ நடக்கும். நோயாளியைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஏதாவது உண்டென்றால் அதுதான். எவ்வளவு வலிக்கிறது என்று கேட்காமல் எப்படி வலிக்கிறது என்று கேளுங்கள்.

வலியைவிடச் சோர்வு பெரியது. அது வெளியே தெரியாது, அதனால் யாரும் நம்பவும் மாட்டார்கள். மதியத்துக்குமேல் வருகிற விருந்தாளிகள் அம்மா எழுந்து நடமாடுவதைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் பார்த்தது விடிந்த கையை. கிளம்பும்போது அன்போடு அவள் கையைப் பிடித்து அழுத்துவார்கள். அம்மா சிரிப்பாள். அவர்கள் போன பிறகு ஒரு மணி நேரம் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள்.

ஒரு தடவை மருத்துவமனையில் காத்திருந்தபோது அங்கே கிடந்த பத்திரிகையில் பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் புகைப்படமும் அவர் வரைந்த ஓவியங்களும் இருந்தன. அவருக்கும் முடக்குவாதம். கடைசி இருபது வருடத்துக்கு மேல் அந்த நோயோடு இருந்து, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போன பிறகும் 1919இல் சாகும்வரை வரைந்துகொண்டிருந்தார். கையில் துணி சுற்றியிருக்கும், மற்றவர்கள் தூரிகையை எடுத்து விரலிடுக்கில் வைப்பார்கள். நான் அவருடைய ஓவியங்களை அம்மாவுக்குக் காட்டினேன். அவள் ஓவியத்தைப் பார்க்கவில்லை, ரெனுவாரின் கையையே பார்த்தாள். "துணி எதுக்குச் சுத்தியிருக்காரு தெரியுமா? நகம் உள்ளங்கையில குத்தாம இருக்க" என்றாள். தன் பென்சிலை நினைத்தாளோ என்னவோ, வீட்டுக்கு வரும்வரை ரொம்ப நேரம் பேசவில்லை. அன்றைக்கு அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது.

இனி பின்னலைச் சொல்ல வேண்டும்.

எனக்கு இடுப்புவரை முடி. பள்ளிக்குப் போக இரட்டைப் பின்னல். அம்மா நாலரை மணிக்கே எழுந்து, வெந்நீரில் கையை அமிழ்த்தி உட்கார்ந்திருப்பாள். இருட்டில் தண்ணீர் லேசாக அசையும் சத்தம் எனக்குக் கேட்கும். ஏழு, ஏழேகாலுக்குக் கை விடிந்தால், முதல் வேலை என் பின்னல். அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் அவள் நாலரைக்கு எழுந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு பின்னலும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று இறுக்கமாக, ஒன்று தளர்ந்து. மதியத்துக்குள் ஒரு பக்கம் அவிழ்ந்துவிடும்.

பதின்மூன்று வயதில், தோழி ஒருத்தி வாசலில் நின்றிருந்தபோது, "உனக்குச் சரியா வரலம்மா. விடு, நானே பின்னிக்கிறேன்" என்று சொல்லித் தலையை இழுத்துக்கொண்டேன். அம்மாவின் கைகள் நான் இருந்த இடத்தில் காற்றில் கொஞ்ச நேரம் நின்றன. "சரி கண்ணு" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த வருட நோட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன். "7.10 – பின்னல்", "7.25 – பின்னல்" என்று பக்கம் பக்கமாக வருகிறது. பிறகு ஒரு நாள், "7.05 – ஒன்றுமில்லை." அடுத்த நாளும் ஒன்றுமில்லை. கை சீக்கிரமே விடிந்த நாட்கள் அவை. அந்த மாதிரி பதினோரு வரிகள். பன்னிரண்டாம் நாள் "7.15 – செடி" என்று இருக்கிறது. ஜன்னலோரம் இரண்டு தொட்டிகளை வைத்து ஏதோ நட ஆரம்பித்தது அப்போதுதான் என்று ஞாபகம் வருகிறது. அந்தச் செடிகள் இன்னும் இருக்கின்றன.

பதினேழு வயதில் ஒரு நாள் நானே போய், "இன்னிக்குப் பின்னி விடும்மா" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அதற்குள் அவளுடைய நான்கு விரல்களும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன, காற்றில் ஒரு பக்கம் சாய்ந்த நாணலைப்போல. இந்த நோய் முற்றினால் கை அப்படித்தான் ஆகும். "இப்ப விரல் அந்தப் பக்கம் போகாதுடி" என்று சொல்லிவிட்டு, என் தலையில் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை தடவினாள்.

கடைசியில் நோய் நுரையீரலுக்குப் போனது. மூட்டு நோய் என்று பெயர் இருந்தாலும் இது உடம்பு முழுவதற்குமான நோய், சிலருக்கு நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது, பிறகு நாலு வார்த்தை பேசினால். அந்த மாதங்களைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வீட்டில் இருக்க வேண்டும் என்றாள், இருந்தாள்.

எழுத முடியாமல் போனதும் நோட்டு என் கைக்கு வந்தது. அவள் நேரத்தைச் சொல்வாள், சொல்லைச் சொல்வாள், நான் அந்தப் பருத்த பென்சிலால் எழுதுவேன். பெரும்பாலும் "ஒன்றுமில்லை"தான். காலையில் கண் விழித்ததும் நானும் இப்போதெல்லாம் முதலில் என் விரல்களை மடக்கிப் பார்க்கிறேன். நேர் ரத்த உறவில் இந்த நோய் இருந்தால் வாய்ப்பு கூடுதல் என்பதால் மட்டும் இல்லை. அவள் கேட்ட கேள்வியையே நானும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் போலிருக்கிறது.

அவள் போவதற்கு ஒன்பது நாள் முன்பு, காலை, மணி எட்டே முக்கால் இருக்கும். "கை விடிஞ்சிடுச்சு" என்றாள். ஆச்சரியமாக இருந்தது, ஒரு வாரமாக அப்படிச் சொல்லவில்லை. "எதுக்கும்மா இன்னிக்கு?" என்று கேட்டேன். கட்டில் விளிம்பைக் கண்ணால் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. "திரும்பி உட்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். தலைமுடியை அவிழ்த்தேன். சாய்ந்த விரல்கள் முடிக்குள் நுழைவது தெரிந்தது, எப்போதும்போலச் சூடாக. மூன்று பாகமாகப் பிரிக்கப் பார்த்தாள். இரண்டு பிரிந்தது. மூன்றாவது நழுவியது. மறுபடி சேர்த்து மறுபடி பிரித்தாள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினாள். நான் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் விரல்கள் நின்றுவிட்டன. திரும்பிப் பார்க்காமலே அவள் தூங்கிவிட்டாள் என்று மூச்சிலிருந்து தெரிந்தது. கை என் முடிக்குள்ளேயே இருந்தது.

அவள் எழுந்ததும் முதலில், "எழுதிட்டியா?" என்று கேட்டாள்.

"எழுதிட்டேம்மா" என்றேன். நோட்டை அவள் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். 8.45 – பின்னல்.